ஒரு உயிரைக் காப்பாற்ற சித்ரவதை செய்யலாமா? ஒரு போலீஸ் அதிகாரியின் முடிவும், நீதிமன்றம் சொன்ன பதிலும்

ஊருக்குள் எங்கேயோ குண்டு வைத்திருக்கிறார்கள். வைத்தவன் போலீஸ் கையில் சிக்கிவிட்டான். இடத்தைச் சொல்ல மறுக்கிறான். இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. நாலு அடி அடித்தால் ஆயிரம் பேர் பிழைப்பார்கள். அடிக்கலாமா, கூடாதா?

கல்லூரி விவாத மேடையோ, ஓடிடி த்ரில்லரோ, டீக்கடைப் பேச்சோ, இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இதுல யோசிக்க என்ன இருக்கு?" ஒரு பக்கம் ஒருவனின் வலி, இன்னொரு பக்கம் ஆயிரம் உயிர். கணக்கு எளிதாகத்தான் தெரிகிறது.

ஆனால் சர்வதேசச் சட்டம் இதற்கு 'கூடாது' என்கிறது. போர் நடந்தாலும், நெருக்கடி நிலை வந்தாலும், மேலதிகாரி உத்தரவிட்டாலும் கூடாது என்கிறது. ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஆயிரம் உயிர் போனாலும் பரவாயில்லை என்று சட்டம் நினைக்கிறதா?

கற்பனைக் குண்டை விட்டுவிட்டு, உண்மையில் நடந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்கினால் இது கொஞ்சம் தெளிவாகும்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் என்ன நடந்தது?

2002 செப்டம்பர் 27. ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில், பிரபல வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் பள்ளியிலிருந்து வீடு திரும்பும்போது கடத்தப்பட்டான். 10 லட்சம் யூரோ கேட்டு வீட்டுக்குக் கடிதம் வந்தது. குடும்பம் பணத்தைக் கொடுத்தது.

செப்டம்பர் 30 அதிகாலை, டிராம் நிறுத்தம் ஒன்றில் வைக்கப்பட்ட பணத்தை ஒரு சட்ட மாணவர் வந்து எடுத்துச் சென்றார். பெயர் மாக்னுஸ் கேஃப்கென். போலீஸ் அவரை உடனே மடக்கவில்லை. சிறுவனை அடைத்துவைத்த இடத்துக்குப் போவார் என்று பின்தொடர்ந்தது. அவர் அப்படி எங்கேயும் போகவில்லை. அன்று பிற்பகல் விமான நிலையத்தில் கைது செய்தார்கள்.

விசாரணையில் கேஃப்கென் பொய்க்கு மேல் பொய் சொன்னார். வேறு ஆட்களைக் கைகாட்டினார். சிறுவன் உயிரோடு எங்கேயோ சாப்பாடு, தண்ணீர் இல்லாமல் அடைபட்டுக் கிடக்கிறான் என்றே போலீஸ் நம்பியது. கடத்தி நான்கு நாள் ஆகிவிட்டிருந்தது.

அக்டோபர் 1 காலை, நகரக் காவல் துறையின் துணைத் தலைவர் வோல்ஃப்காங் டாஷ்னர் ஒரு முடிவெடுத்தார். உண்மையைச் சொல்லாவிட்டால் கடுமையான வலியைத் தருவோம் என்று கேஃப்கெனை மிரட்டும்படி கீழ் அதிகாரி ஒருவருக்கு உத்தரவிட்டார். தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில் அதைச் செய்துவிடலாம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. தன் கைப்படவே கோப்பில் குறித்துவைத்தார்.

மிரட்டல் சுமார் 10 நிமிடம் நீடித்தது. வலி தரவேண்டிய அவசியமே வரவில்லை. கேஃப்கென் இடத்தைச் சொல்லிவிட்டார்.

போலீஸ் அங்கே போனபோது, ஒரு குளத்தருகே சிறுவனின் உடல்தான் கிடைத்தது. கடத்திய அன்றே அவனைக் கொன்றுவிட்டிருந்தார் கேஃப்கென்.

குற்றவாளிக் கூண்டில் போலீஸ்

கேஃப்கெனுக்கு 2003 ஜூலையில் ஆயுள் தண்டனை கிடைத்தது. மிரட்டிப் பெற்ற வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் விசாரணையின்போது நீதிமன்றத்திலேயே அவர் மறுபடி குற்றத்தை ஒப்புக்கொண்டார். வேறு ஆதாரங்களும் இருந்தன.

அதோடு கதை முடியவில்லை. டாஷ்னர் மீதும், மிரட்டிய அதிகாரி மீதும் வழக்குத் தொடரப்பட்டது. ஜெர்மனியே இரண்டாகப் பிரிந்து பேசியது. "குழந்தையைக் காப்பாற்ற நினைத்தவரை எப்படிக் கூண்டில் ஏற்றலாம்?" என்று பலரும் டாஷ்னர் பக்கம் நின்றார்கள்.

2004 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இருவரும் குற்றவாளிகள். மனித கண்ணியம் மீற முடியாதது என்பது ஜெர்மனி அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு. கடத்தல்காரனுக்கும் அது பொருந்தும் என்றது நீதிமன்றம். மற்ற வழிகள் இன்னும் தீர்ந்துபோகவில்லை என்பதையும் கவனித்தது. விசாரணைக் குழுவில் இருந்தவர்களே டாஷ்னரின் யோசனைக்கு ஆட்சேபம் தெரிவித்திருந்தார்கள்.

தண்டனை? டாஷ்னருக்கு 10,800 யூரோ அபராதம், கீழ் அதிகாரிக்கு 3,600 யூரோ. அதையும் உடனே கட்டச் சொல்லவில்லை. எச்சரித்து நிறுத்திவைத்தார்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்றும் தவிப்பில் செய்தது, கடும் நெருக்கடியில் செய்தது என்பதையெல்லாம் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 'நீங்கள் செய்தது குற்றம். ஏன் செய்தீர்கள் என்பதும் எங்களுக்குப் புரிகிறது.' தீர்ப்பின் சாரம் இதுதான்.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2010 ஜூன் 1 அன்று அதன் பேரமர்வு, அந்த மிரட்டல் மனிதத்தன்மையற்ற நடத்தைதான் என்றும், எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும் அந்தத் தடைக்கு விலக்கே கிடையாது என்றும் சொன்னது. அதிகாரிகளுக்குக் கொடுத்த தண்டனை பெயரளவுக்குத்தான் இருக்கிறது என்றும் குறை சொன்னது. அதேசமயம் கேஃப்கெனின் கொலைத் தண்டனையில் கை வைக்கவில்லை. 2011-இல் ஜெர்மனி நீதிமன்றம் ஒன்று, கேஃப்கெனுக்கு 3,000 யூரோ இழப்பீடு தரும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. குழந்தையைக் கொன்றவனுக்கு இழப்பீடா என்று ஊரே கொதித்தது.

'செய்யலாம்' என்பவர்களின் வாதம் என்ன?

இந்தப் பக்கத்து வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது, விளைவுக் கணக்கு. ஒரு செயல் சரியா தவறா என்பதை அதன் பலனை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்பவர்கள் இவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாமே, மிக அரிதான சூழலில் சித்ரவதைக்கு நியாயம் இருக்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டாவது, தற்காப்பு. ஒருவன் கத்தியோடு குழந்தை மீது பாய்ந்தால் அவனைச் சுட்டுக்கூடத் தடுக்கலாம். குழந்தையை எங்கேயோ அடைத்துவைத்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவனும் அதேபோல் இன்னும் தாக்கிக்கொண்டுதானே இருக்கிறான்? கொல்லவே அனுமதி இருக்கும்போது, வலி மட்டும் ஏன் கூடாது?

மூன்றாவது, நடைமுறை. அமெரிக்க சட்டப் பேராசிரியர் ஆலன் டெர்ஷோவிட்ஸ் இதைச் சொன்னார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அவர் வைத்த வாதம் இது: நெருக்கடி வந்தால் எந்த அரசும் எப்படியும் சித்ரவதை செய்யத்தான் போகிறது. இருட்டறையில் நடப்பதைவிட, நீதிபதியிடம் வாரண்ட் வாங்கிச் செய்தால் பொறுப்பாவது இருக்கும்.

மூன்றும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஓட்டை எங்கே?

குண்டுக் கதை மறைக்கும் விஷயங்கள்

குண்டுக் கதையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பிடிபட்டவன்தான் குண்டு வைத்தவன் என்பது நிச்சயம். இடம் அவனுக்குத் தெரியும் என்பதும் நிச்சயம். அடித்தால் உண்மையைத்தான் சொல்வான். கேட்டுவிட்டுப் போய் எடுக்க நேரம் இருக்கிறது. வேறு வழியே இல்லை. இதற்குப் பிறகு இன்னொருவரை அடிக்கப்போவதும் இல்லை.

இந்த ஆறும் சேர்ந்து உண்மையாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். கதை சொல்பவர் ஆறையும் நமக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

ஃப்ராங்க்ஃபர்ட் வழக்கு அந்தக் கற்பனைக்கு ரொம்ப நெருக்கமாக வந்த ஒன்று. ஆள் சரியான ஆள். அவருக்கு இடம் தெரியும். மிரட்டியதும் உண்மையைச் சொன்னார். மிரட்டல் பலித்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எந்த உயிருக்காக அதைச் செய்தார்களோ, அது அவரைக் கைது செய்வதற்கு முன்பே போய்விட்டிருந்தது. அது டாஷ்னருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. நிஜத்தில் முடிவெடுப்பவர் எப்போதும் அரைகுறைத் தகவலோடுதான் முடிவெடுக்கிறார்.

"அடிச்சா உண்மை வரும்": வருமா?

வலி தாங்காதவன் பேசுவான். உண்மையை மட்டும்தான் பேசுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எதைச் சொன்னால் வலி நிற்குமோ அதைச் சொல்வான்.

இதற்கு உலகமே விலை கொடுத்த ஓர் உதாரணம் உண்டு. 2001 கடைசியில் பிடிபட்ட இபின் அல் ஷேக் அல் லிபி என்பவரை அமெரிக்கா எகிப்திடம் ஒப்படைத்தது. அல் கொய்தாவுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சியை இராக் கொடுத்தது என்று அவர் அங்கே சொன்னார். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் இராக் மீதான போருக்கு ஆதரவு கேட்டுப் பேசியபோது, இந்தத் தகவலும் அதில் இருந்தது. அடுத்த மாதம் போர் தொடங்கியது. 2004-இல் அல் லிபி தான் சொன்னதைத் திரும்பப் பெற்றார். சித்ரவதை தாங்காமல் சொன்ன பொய் அது என்றார்.

2014 டிசம்பரில் அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு, சிஐஏவின் ரகசியச் சிறைகள் பற்றிய அறிக்கையின் சுருக்கத்தை வெளியிட்டது. 119 பேர் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் குறைந்தது 26 பேர் தவறாகப் பிடிக்கப்பட்டவர்கள். காலித் ஷேக் முகமது என்ற முக்கியக் கைதிக்கு, முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணறவைக்கும் கொடுமை 183 முறை செய்யப்பட்டது. தேவையான தகவலைப் பெற இந்த முறைகள் பயன்படவில்லை என்றது அறிக்கை. சிஐஏ இதை மறுத்தது. சில பயனுள்ள தகவல்கள் கிடைத்தன என்பது அவர்கள் வாதம். ஒன்று மட்டும் உறுதி. ஒரு மணி நேரத்தில் வெடிக்கும் குண்டுக்கு 183 முறை என்ற கணக்கு ஒத்துவராது.

அப்படியானால் வாய் திறக்க வைக்க வேறு வழியே இல்லையா? இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி விமானப்படையின் விசாரணை அதிகாரியாக இருந்த ஹான்ஸ் ஷார்ஃப் கைதிகள் மேல் கை வைக்காதவர். நட்பாகப் பேசி, கூட நடந்து, தனக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்பதுபோல் காட்டிக்கொண்டே எதிரி விமானிகளிடம் தகவலைக் கறந்தார். போருக்குப் பிறகு அமெரிக்காவே அவரை அழைத்து அனுபவத்தைக் கேட்டது.

பிரிட்டனில் குண்டுவெடிப்பு வழக்குகளில் சிக்கிய 'கில்ட்ஃபோர்ட் நால்வர்' 15 வருடமும், 'பர்மிங்ஹாம் ஆறுபேர்' 16 வருடமும் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்தார்கள். போலீஸ் காவலில் பெற்ற வாக்குமூலங்கள்தான் அவர்களை மாட்டிவிட்டன. 1989-இலும் 1991-இலும் அவர்கள் விடுதலையானார்கள்.  அதன் பிறகு பிரிட்டிஷ் போலீஸ் ஒப்புதல் வாக்குமூலத்தைத் துரத்துவதை விட்டு, ஆதாரம் திரட்டும் விசாரணை முறைக்கு மாறியது.

சரி, ஒருவேளை பலித்தால்?

'சித்ரவதை பலிக்காது' என்ற வாதம் மட்டும் போதாது. சில சமயம் பலிக்கும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் மிரட்டலே பலித்தது. பலித்தாலும் தவறு என்று சொல்ல வேறு காரணம் வேண்டும்.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குண்டு வைத்தவன் எவ்வளவு அடித்தாலும் பேசமாட்டான். ஆனால் அவன் கண் முன்னால் அவனுடைய ஐந்து வயது மகளை அடித்தால் பேசிவிடுவான். அதே ஒரு மணி நேரம், அதே ஆயிரம் உயிர். அடிக்கலாமா?

முதல் கேள்விக்கு "ஆமாம்" சொன்னவர்களில் பெரும்பாலோர் இங்கே நின்றுவிடுவார்கள். கணக்கு மாறவே இல்லையே, ஏன் தயக்கம்? முதலில் சொன்ன "ஆமாம்" முழுக்கக் கணக்கிலிருந்து வரவில்லை. 'அவன் செய்த வேலைக்கு அவனுக்கு இது வேணும்' என்ற கோபமும் அதில் கலந்திருந்தது. அந்தக் கோபம் இயல்புதான். ஆனால் அது தண்டனை பற்றியது. விசாரணை அறையில் இருப்பவர் இன்னும் குற்றவாளி என்று நிரூபிக்கப்படாதவர்.

தற்காப்பு வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கத்தியோடு பாய்பவன் கத்தியைக் கீழே போட்டதும் நம் உரிமை முடிந்துவிடுகிறது. கைகட்டி உட்காரவைக்கப்பட்டவனிடம் போட ஆயுதம் இல்லை. தகவலைச் சொன்னாலும் அடி நிற்குமா என்பது அடிப்பவர் கையில் இருக்கிறது. அவனிடம் ஒன்றும் தெரியாவிட்டால், எப்படி நிறுத்துவது என்பதே அவனுக்குத் தெரியாது. போர்க்களத்தில் சுடுவதைவிடச் சித்ரவதை வேறு ரகக் கொடுமையாவது இதனால்தான்: ஒரு மனிதனின் சொந்த உடம்பையே அவனுக்கு எதிரான ஆயுதமாக்குகிறது. நாஜிகளின் பிடியில் சித்ரவதைப்பட்ட எழுத்தாளர் ஜீன் அமேரி 20 வருடம் கழித்து அதைப் பற்றி எழுதினார். சக மனிதர் மேல் இருக்கும் அடிப்படை நம்பிக்கை முதல் அடியிலேயே போய்விடுகிறது, அது திரும்பி வருவதே இல்லை என்பது அவருடைய அனுபவம்.

ஒரே ஒரு தடவை என்று தொடங்கினால்

டெர்ஷோவிட்ஸ் சொன்ன வாரண்ட் முறைக்கு வருவோம். சட்டப்படி அனுமதித்தால் கட்டுக்குள் இருக்குமா?

இஸ்ரேல் கிட்டத்தட்ட இதைத்தான் செய்து பார்த்தது. 1987-இல் லாண்டாவ் ஆணையம், பயங்கரவாத வழக்குகளில் 'மிதமான உடல் அழுத்தம்' தரலாம் என்றது. அரிதான வழக்குக்கு என்று திறந்த அந்தக் கதவு வழியாக, வழக்கமான விசாரணைக்குள்ளேயே அது நுழைந்தது. உடம்பைப் பிடித்துப் பலமாக உலுக்குவது, வலிக்கும் நிலையில் மணிக்கணக்கில் கட்டி உட்காரவைப்பது, தூங்கவிடாமல் வைப்பது எல்லாம் நடைமுறையாயின. 1999 செப்டம்பரில் தலைமை நீதிபதி ஆரோன் பராக் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இந்த முறைகளுக்குத் தடை போட்டது. அதிலும் ஒரு சந்து இருந்தது. நெருக்கடியில் எல்லை மீறிய அதிகாரி, பிறகு வழக்கு வந்தால் 'வேறு வழியில்லை' என்று வாதாடலாம். அந்தச் சந்து மறுபடி கதவாகிவிட்டது என்பது மனித உரிமை அமைப்புகளின் குற்றச்சாட்டு.

ஏன் இப்படி ஆகிறது? சித்ரவதை என்பது தீயணைப்புக் கருவி மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்து, வேண்டும்போது மட்டும் எடுக்கக்கூடிய பொருள் இல்லை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அறை வேண்டும், உயிர் போகாமல் பார்த்துக்கொள்ள மருத்துவர் வேண்டும். இதெல்லாம் ஒரு துறையாகிவிட்டால், அந்தத் துறைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டி வரும்.

அல்ஜீரிய விடுதலைப் போரின்போது, 1956 நவம்பரில் பிரெஞ்சு அதிகாரி பால் டெய்ட்ஜென் இதே இடத்தில் நின்றார். அல்ஜியர்ஸ் நகரக் காவல் துறையின் பொறுப்பில் இருந்தவர் அவர். குண்டோடு ஒருவர் பிடிபட்டார். இன்னொரு குண்டு எங்கேயோ இருப்பதாகத் தெரிந்தது. சித்ரவதைக்கு டெய்ட்ஜென் அனுமதி மறுத்தார். அவரே நாஜிகளிடம் சித்ரவதைப்பட்டவர். அந்த இரண்டாவது குண்டு வெடிக்கவில்லை. ஆனால் மேலிடம் வேண்டாம் என்று சொல்லியும், அந்தக் கைதியைக் கீழே இருந்தவர்கள் சித்ரவதை செய்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. தடை இருந்தபோதே இந்த நிலை. அடுத்த வருடம் டெய்ட்ஜென் பதவியை விட்டு விலகினார்.

மன்னிப்பது வேறு, அனுமதிப்பது வேறு

இப்போது டாஷ்னர் வழக்கின் தீர்ப்பைத் திரும்பிப் பார்த்தால் அதன் அர்த்தம் தெரியும்.

டாஷ்னரை வீரர் என்று விடுதலை செய்திருந்தால், அடுத்த அதிகாரிக்கு அது முன்னுதாரணமாகியிருக்கும். அடுத்தவர் கையில் சிக்குபவர் சரியான ஆளாக இருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அவரைக் கொடூரர் என்று வருடக்கணக்கில் உள்ளே தள்ளியிருந்தால், அவர் இருந்த நெருக்கடியை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்றாகியிருக்கும். நீதிமன்றம் தவறைத் தவறு என்று பதிவு செய்துவிட்டு, தண்டனையில் கருணை காட்டியது. கருணை கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்பதுதான் ஐரோப்பிய நீதிமன்றத்தின் வருத்தம்.

அமெரிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் வால்சர் 1973-இல் எழுதிய 'அழுக்கான கைகள்' பற்றிய கட்டுரை இந்த இடத்தைத் தொடுகிறது. ஒரு தலைவர் மக்களைக் காக்க ஒரு தவறைச் செய்ய நேரலாம். அப்போதும் அது தவறுதான். அது தவறு என்று அவர் உணர்வதும், அதற்கான விலையைக் கொடுப்பதும் முக்கியம். இன்னொரு தத்துவவாதி ஹென்றி ஷூ 1978-இல் சொன்னதும் இதோடு சேரும்: நினைத்தே பார்க்கமுடியாத அபூர்வச் சூழலை வைத்துக்கொண்டு பொதுச் சட்டம் எழுதக்கூடாது. உண்மையிலேயே வேறு வழி இல்லை என்று நம்பும் அதிகாரி, செய்துவிட்டு நீதிமன்றத்தின் முன் நிற்கட்டும். அந்தப் பயம் இருந்தால்தான் 'வேறு வழி இல்லை' என்ற வார்த்தையை யாரும் சும்மா சொல்லமாட்டார்கள்.

தார்மீகமாக நியாயப்படுத்த முடியுமா என்ற கேள்விக்குத் தத்துவ உலகில் இன்னும் ஒருமித்த பதில் இல்லை. ஆனால் கற்பனையில் ஒருமுறை 'ஆமாம்' என்பவர்கூட, அதைச் சட்டமாக்க 'இல்லை' சொல்ல முடியும். இரண்டும் முரண் அல்ல.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.நா.வின் சித்ரவதைக்கு எதிரான உடன்படிக்கை 1984-இல் ஏற்கப்பட்டு, 1987-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது. இறுதி ஒப்புதல் தரவில்லை. அதற்குத் தேவையான சித்ரவதைத் தடுப்பு மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போனது, சட்டமாகாமலே காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

தனிச் சட்டம் இல்லை என்பதற்காக அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. வாக்குமூலம் வாங்க அடித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-வது பிரிவின்படி 7 வருடம் வரை சிறை, கொடுங்காயம் என்றால் 10 வருடம் வரை. கைது செய்யும்போது பின்பற்றவேண்டிய 11 விதிகளை 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வைக்க உத்தரவிட்டது.

ஒரு விதிவிலக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. போலீஸிடம் சொன்ன தகவலின் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலின் அந்தப் பகுதி மட்டும் ஆதாரமாக ஏற்கப்படும். திருட்டு வழக்குகளில் 'பொருளை எங்க வச்சிருக்க?' என்று அடி விழுவதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம் என்று சட்ட நிபுணர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

நம் ஊரில் குண்டு எங்கே?

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீஸ் காவலுக்குப் பிறகு உயிரிழந்த தந்தையும் மகனும் குண்டு வைத்தவர்கள் இல்லை. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்துவைத்திருந்தார்கள் என்பதுதான் அவர்கள் மீதான புகார். சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் 2025 ஜூனில் போலீஸ் விசாரணையில் உயிரிழந்த கோயில் காவலாளி விசாரிக்கப்பட்டது நகை காணாமல் போன புகாருக்காக. இரண்டு வழக்கும் சிபிஐக்குப் போயின. இரண்டிலும் கடிகாரம் எதுவும் ஓடவில்லை, ஆயிரம் உயிர் எதுவும் ஆபத்தில் இல்லை.

குண்டுக் கதையின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அந்தக் கதைக்கு நாம் தலையாட்டும்போது மனதில் இருப்பது தீவிரவாதி. ஆனால் 'அடிக்கலாம்' என்ற அனுமதி கிடைத்ததும் லத்தி முதலில் தேடுவது அவரை அல்ல. வக்கீல் வைக்க முடியாதவரை, கேட்க ஆள் இல்லாதவரை.

'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' கை உடைந்த ஒருவரின் மாவுக்கட்டுப் படம் அடுத்த முறை உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும். கீழே கைதட்டும் எமோஜிகள் வரிசையாக இருக்கும். ஃபார்வர்ட் பண்ணும் முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். அந்த ஆள்தான் குற்றவாளி என்று யார் தீர்ப்புச் சொன்னது? அவர் கையை உடைத்ததில் எந்த உயிர் காப்பாற்றப்பட்டது?